சிவப்பு விழாத இடம்

நாங்கள் எழுதிய மென்பொருளுக்கு ஒரே ஒரு வேலைதான் தெரியும். புரதம் ஒன்றின் வரிசையை அதனிடம் கொடுத்தால், அமினோ அமிலங்களின் விகிதம் எந்த இடத்தில் வழக்கத்துக்கு மாறாக இருக்கிறது என்று பார்த்து, அந்த இடத்தைச் சிவப்பு நிறத்தில் காட்டும். உயிர்களின் புரதங்கள் இருபது வகை அமினோ அமிலங்களால் ஆனவை. ஒவ்வொன்றுக்கும் ஓர் எழுத்து உண்டு. ஆகவே புரதம் ஒன்றைப் பல நூறு எழுத்துகள் கொண்ட ஒரே நீண்ட சொல்லாக எழுதிவிடலாம். பெரும்பாலான புரதங்களில் அந்த எழுத்துகள் நன்றாகக் கலந்தே வரும். சிலவற்றில் மட்டும் ஓரெழுத்தே திரும்பத் திரும்ப வந்து, பிறவற்றுக்கு இடங்கொடாமல் நிற்கும். பல்கலைக்கழகத்தில் உயிரிரசாயனம் கற்பித்த காலமெல்லாம் என் மனம் சென்றது அத்தகைய இடங்களின் மீதுதான்.

துறையினர் பலருக்கு அவை ஒரு தொல்லை. புரதங்களை ஒன்றோடொன்று ஒப்பிட்டு உறவு தேடும்போது, இவ்விடங்கள் உறவற்றவற்றையும் உறவென்று காட்டிக் குழப்பும். அதனால் தேடலைத் தொடங்குமுன் அவற்றை மறைத்துவிடுவது வழக்கம். எழுத்துகளை அகற்றி, அவை நின்ற இடமெல்லாம் பெருக்கற்குறி போன்றதோர் எழுத்தால் நிரப்பிவிடுவார்கள். ஓய்வுபெற்றபின், மற்றவர்கள் மறைப்பதை மட்டுமே காட்டுகின்ற ஒரு மென்பொருளைச் செய்துபார்க்க விரும்பினேன். நிரல் எழுத எனக்கு வராது. எழுதித் தந்தவர் கொழும்பு கொட்டாஞ்சேனையில் வசிக்கும் என் நண்பர். துறைமுகத்தின் கணினிப் பிரிவில் பணியாற்றி ஓய்வுபெற்றவர். கொள்கலன்களின் கணக்கைப் பார்த்துப் பார்த்துக் கண் பழகியவர்.

"மச்சான், கொண்டெய்னர்ல சாமான் மாறி ஏறியிருந்தா கஸ்டம்ஸ்காரன் பிடிப்பான். உன்ட புரதத்துக்கு நான்தான் கஸ்டம்ஸ்," என்பார்.

சனிக்கிழமைகளில் அவர் பேருந்தேறி வெள்ளவத்தைக்கு வருவார். கடலை நோக்கி இறங்கும் ஒழுங்கையொன்றில், மூன்றாம் மாடியில் எங்கள் வீடு. புகைவண்டி கடக்கும்போது இருவரும் பேச்சை நிறுத்துவோம். அது போனதும் விட்ட இடத்திலிருந்து தொடங்குவோம். சிலந்தியின் நூல், சிப்பியின் பசை, மலேரியாக் கிருமி என்று எதனெதன் புரதங்களையோ இறக்கி, சிவப்பு விழும் இடங்களைப் பார்த்து வியந்துகொண்டிருந்தோம். யாருக்கும் பயன்படாத இன்பம் அது. பயன்படாமலே இருந்திருக்கலாம்.

என் மனைவி அரைக் கோப்பைத் தேநீர் தரத் தொடங்கியதை முதலில் கவனித்தவர் நண்பர்தான்.

"என்ன தங்கச்சி, சீனி விலை ஏறினதுக்குத் தேத்தண்ணியையும் வெட்டிப்போட்டீங்களா?"

"இல்லை அண்ணை. நிறைய ஊத்தினா நிலத்துக்கும் பங்கு குடுக்க வேண்டிக்கிடக்கு."

சிரித்தோம். என் மனைவியின் கை நடுங்கவில்லை; எட்டவேண்டிய இடத்தைத் தவறவிட்டது. பிறகு நடையும் அவ்வாறாயிற்று. கால்களை அகற்றி வைத்து, ஆடும் படகில் நிற்பவரைப்போல் நடந்தார். சந்தை வாசலில் ஒருநாள் முச்சக்கரவண்டியில் ஏறும்போது சாய்ந்துவிட்டார். சாரதி என் பக்கம் குனிந்து, "நோனா பீலாத?" என்று சிங்களத்தில் மெல்லக் கேட்டான். குடித்திருக்கிறாரா என்பது கேள்வி. பதினேழு வயதிலிருந்து கொழும்பில் வாழ்ந்தவருக்கு அது விளங்காமற் போகுமா?

"ஔ மல்லி, தே பிவ்வா," என்றார் நிமிர்ந்து உட்கார்ந்து.

தேநீர்தான் குடித்தாராம். சாரதி வெட்கிச் சிரித்தான். வீடு வரும்வரை என் மனைவி என் கையை விடவில்லை.

நரம்பியல் மருத்துவர் மூளையைப் படம் எடுப்பித்தார். சிறுமூளை சுருங்கிவருகிறது என்றார். "உங்கட குடும்பத்தில வேற ஆருக்கும் இப்பிடி நடை தளம்பினதோ?" என்று கேட்டார்.

"இல்லை டொக்டர். ஒருத்தருக்கும் இல்லை," என்றார் மனைவி, சற்றும் தாமதியாமல். நானும் தலையசைத்தேன். எனக்கும் அது உண்மையாகவே பட்டது.

குடும்பத்தில் எவருக்கும் இல்லையென்றதனால், குறிப்பிட்ட ஒரு நோயைத் தேடாமல், மரபணுக்கள் அனைத்தையும் பொதுவாக வாசிக்கும் சோதனைக்குக் குருதி இந்தியாவுக்கு அனுப்பப்பட்டது. அந்த முடிவுக்காக எங்களைவிடவும் ஏங்கிக் காத்திருந்தவள் எங்கள் ஒரே மகள். வங்கியில் பணிபுரிகிறாள், கணவனோடு தெஹிவளையில் குடியிருக்கிறாள். திருமணமாகிச் சில ஆண்டுகள் ஆகியும் குழந்தை வேண்டாமென்று நிறுத்தி வைத்திருந்தாள். "அம்மாக்கு என்ன வருத்தமெண்டு முதல்ல தெரியட்டும் அப்பா. தெரியாமல் ஒரு பிள்ளையைக் கொண்டுவரேலாது," என்று என்னிடம் மட்டும் சொல்லியிருந்தாள்.

முடிவு வந்தது. நோயை விளக்கத்தக்க மாற்றம் எதுவும் காணப்படவில்லை. அந்த வரியை நானே தொலைபேசியில் மகளுக்கு வாசித்துக் காட்டினேன். "திருப்பி வாசியுங்கோ அப்பா," என்றாள். வாசித்தேன். அன்று மாலையே கணவனோடு வந்துவிட்டாள். நான் காலி வீதிச் சிற்றுண்டிக்கடைக்குச் சென்று ரோல்ஸும் பற்றீஸும் வாங்கிவந்தேன். என் மனைவியின் நடை அப்படியேதான் இருந்தது. ஆயினும் அது அவரோடு முடிந்துவிடும் ஒன்று என்பதே எங்களுக்கு விழாவாயிற்று. அவரே எல்லாரிலும் கூடுதலாக மகிழ்ந்தார். "நான் ஆடினா ஆடிப்போட்டுப் போறன். பிள்ளை நேரா நடக்கட்டும்," என்றார்.

சில மாதங்களில் மகள் கருவுற்றாள்.

அந்த மகிழ்ச்சியின் மிகுதியில்தான் எனக்கு ஒரு விளையாட்டுப் புத்தி எழுந்தது. கேட்டால் ஆய்வுகூடத்தார் மூலத் தரவுகளையும் தருவார்கள். அவற்றைப் பெற்று, மனைவியின் மரபணுக்களைப் புரத வரிசைகளாக மாற்றி, எங்கள் மென்பொருளிடம் கொடுத்துப் பார்க்கலாமே என்று தோன்றியது. இத்தனை காலமும் சிலந்தியையும் சிப்பியையும் பார்த்த கண்களுக்கு வீட்டிலிருப்பவரைப் பார்க்க ஆசை.

"வடிவாத் தேடுங்கோ," என்றார் மனைவி. "கோவம் கூடின புரதம் ஒண்டு எங்கயாவது கிடக்கும்."

"அது எங்கட பக்கத்தில இருந்து வந்ததில்லை," என்றேன்.

"ஓமோம். உங்கட பக்கம் எல்லாம் முனிவர்கள்."

நண்பர் நிரலை ஓட்டினார். புரதங்கள் ஒவ்வொன்றாக இறங்கின. ஆங்காங்கே சிவப்புக் கீற்றுகள் விழுந்தன. எல்லாம் எவரிடமும் இருப்பவை. நான் ஒவ்வொன்றுக்கும் விளக்கம் சொல்லிக்கொண்டிருந்தேன். பிறகு, சிவப்பு விழுந்தே ஆகவேண்டிய ஒரு புரதம் வந்தது. குளூட்டமின் என்னும் அமினோ அமிலம் அதில் ஓரிடத்தில் அடுக்கடுக்காக நிற்கும். எல்லா மனிதரிலும் நிற்கும். என் மனைவியின் புரதத்தில் அந்த இடத்தில் சிவப்பில்லை. எழுத்துகளே இல்லை. பெருக்கற்குறிகள் மட்டும் வரிசையாக நின்றன.

"இதென்ன மச்சான்? என்ட புரோக்ராம் ஒண்டையும் மறைக்காது. நான் மறைக்கச் சொல்லி எழுதவேயில்ல," என்றார் நண்பர், பழி தம்மேல் விழுந்துவிட்டதுபோல.

நிரலில் பிழை இல்லை. இத்தகைய சோதனையில் மரபணுவைச் சிறுசிறு துண்டுகளாக்கி வாசித்து, பின்னர் பொருந்தும் இடம் பார்த்து அடுக்குவார்கள். ஒன்றே திரும்பத் திரும்ப வரும் இடத்தில் எந்தத் துண்டும் எங்கும் பொருந்தும். அவ்விடம் துண்டின் நீளத்தையும் கடந்து நீண்டுவிட்டால் அதன் அளவை அறியவே இயலாது. ஐயத்துக்குரியது என்று அந்த இடத்தைப் பெருக்கற்குறிகளாக விட்டுவிடுவார்கள். ஆய்வுகூடத்தார் பொய் சொல்லவில்லை. பார்த்த இடங்களில் குறை இருக்கவில்லை. இந்த இடத்தை எவரும் பார்த்திருக்கவில்லை.

அங்கே குளூட்டமின் அளவுக்கு மீறி நீண்டால் என்ன நேரும் என்பதை நான் ஆண்டுதோறும் மாணவர்களுக்குச் சொல்லியிருக்கிறேன். புரதம் திரண்டு கட்டியாகும். சிறுமூளையின் உயிர்க்கலங்கள் மெல்ல மெல்ல மடியும். நடை தளம்பும், பின்னர் பேச்சு, பின்னர் விழுங்குதல். மருந்தில்லை. பெற்றோரில் ஒருவரிடமிருந்து வருவது. பிள்ளைக்கு வருவதற்கும் வராதிருப்பதற்கும் சமமான வாய்ப்பு. வகுப்பில் இதைச் சொல்லிவிட்டு அடுத்த தலைப்புக்குப் போய்விடுவேன்.

நண்பர் என் முகத்தைப் பார்த்துவிட்டுக் கணினியை மூடினார். "குடும்பத்தில ஒருத்தருக்கும் இல்லைதானே, மச்சான். பிறகென்ன?" என்றார். அந்தச் சொல்லை நானும் பற்றிக்கொண்டேன்.

மறுநாட் காலையில் மனைவி பலகணியில் அமர்ந்து கடலைப் பார்த்துக்கொண்டிருந்தார். நான் நாற்காலியை அருகில் இழுத்துப் போட்டேன்.

"இஞ்சேரும், உம்மட அப்பா எப்பிடி நடப்பார்?"

"என்னப்பா திடீரெண்டு? வடிவா நடப்பார். கடைசியிலதான் ஆடி ஆடி நடந்தவர். சண்டை நேரம் பங்கருக்குள்ள விழுந்து முதுகில அடிபட்டதெல்லோ."

"விழுந்ததாலை ஆடினவரோ, ஆடினதாலை விழுந்தவரோ?"

அவர் என்னைத் திரும்பிப் பார்த்தார். அப்படியொரு கேள்வி கேட்கலாம் என்பதே எங்கள் இருவருக்கும் அதுவரை தோன்றியதில்லை.

"கதைபேச்சு எப்பிடி?"

"நாக்குத் தடிச்சமாதிரிக் கதைச்சவர். செல் விழுந்த சத்தத்தில நரம்பு பயந்துபோச்செண்டு சொன்னவை." தாமே தொடர்ந்தார். "அண்ணாவுக்கு அடிதான் காரணம். ஆமி பிடிச்சுக்கொண்டு போய் அடிச்சதுக்குப் பிறகுதான் அவருக்கும் நடை பழுதாப்போனது. உங்களுக்குத் தெரியுந்தானே."

"அடிச்சு எவ்வளவு காலத்துக்குப் பிறகு?"

"கன வருஷம்." குரல் தாழ்ந்தது. "கன வருஷத்துக்குப் பிறகுதான்."

கீழே புகைவண்டி ஒன்று தெற்கு நோக்கிப் போயிற்று. அது கடக்கும்வரை இருவரும் காத்திருந்தோம்.

"எனக்கு ஒருத்தரும் அடிக்கேல்லையே," என்றார்.

அவர் சொன்னதன் பொருள் எனக்கு உடனே விளங்கியது. தந்தைக்குப் பதுங்குகுழி கிடைத்தது. தமையனுக்குத் தடுப்புக்காவல் கிடைத்தது. கொழும்பில் படித்து, கொழும்பிலேயே பூமிசாத்திரம் கற்பித்து, ஓய்வுபெற்று, பலகணியில் அமர்ந்திருப்பவருக்குச் சாட்டுவதற்கு ஒன்றுமே கிடைக்கவில்லை. இவரிடம் வந்தபோதுதான் நோய் வேறு உடையின்றி நின்றது.

எங்களவர்க்குப் போர் நடந்த அந்த ஆண்டுகளில் எந்த வருத்தத்துக்கும் காரணம் தேடவேண்டியிருக்கவில்லை. உறக்கம் கெட்டாலும், தலைமுடி உதிர்ந்தாலும், பிள்ளை பேசப் பிந்தினாலும், காரணம் வாசலிலேயே நின்றது. அது பெரும்பாலும் உண்மையாகவும் இருந்தது. அதனால்தான் பொய்யான இடங்களிலும் எவரும் ஐயுறவில்லை. வேறொன்றும் உண்டு. செல்லடியில் நலிந்த குடும்பம் என்று எவர் வீட்டிலும் தலைநிமிர்ந்து சொல்லலாம், கேட்பவர் கண்கலங்குவார். குருதியில் நோயுள்ள குடும்பம் என்று சொல்லிவிட்டு ஒரு பெண்ணுக்கு மாப்பிள்ளை பேச முடியாது. யாரும் திட்டமிட்டு மறைக்கவில்லை. மருத்துவர் கேட்டபோது என் மனைவி நேர்மையாகவே மறுமொழி சொன்னார். அவருடைய குடும்பத்தில் நோயாளிகள் இருக்கவில்லை; போரில் அடிபட்டவர்களே இருந்தார்கள்.

மருத்துவரிடம் மீண்டும் சென்றோம். இம்முறை தந்தையையும் தமையனையும் பற்றிச் சொன்னோம். அவர் எழுதுகோலை வைத்துவிட்டுக் கேட்டுக்கொண்டிருந்தார். அந்த ஒரு மரபணுவின் நீளத்தை மட்டும் அளக்கும் சோதனைக்குக் குருதி போயிற்று. விடை, நான் ஏற்கெனவே அறிந்திருந்ததுதான். நீண்டிருந்தது.

வீட்டுக்கு வந்து மனைவிக்கு விளக்கினேன். விளக்கும் தொழிலில் வாழ்நாளைக் கழித்தவனுக்கு வேறென்ன செய்யத் தெரியும்? குளூட்டமின் என்றால் என்ன, அது எப்படி அடுக்கி நிற்கிறது என்றெல்லாம் சொன்னேன்.

"அதுக்கு என்ன எழுத்தெண்டு சொன்னனீங்கள்?"

"கியூ."

"பெற்றோலுக்குக் கியூ, காஸுக்குக் கியூ, பால்மாவுக்கும் நிண்டு களைச்சாச்சு. இப்ப எனக்கு உள்ளுக்கயும் கியூவோ?" என்று சிரித்தார். சிரிப்பு அவருக்குப் புரையேறியது. முதுகைத் தடவிக்கொடுத்தேன். புரையேறுவதும் அந்த வரிசையில் வருகின்ற ஒன்றுதான் என்று மனம் உள்ளே பாடம் நடத்திக்கொண்டிருந்தது. அதை நிறுத்த எனக்குத் தெரியவில்லை.

சிரிப்பு அடங்கியபின் அவர் சொன்னார்: "பிள்ளைக்குச் சொல்லாதேங்கோ. வயித்தில இருக்கிறது வெளியில வரட்டும். சொல்லுறதெண்டா நான் சொல்லுறன்."

"அவளும் அதைத் தெரிஞ்சுகொள்ளத்தானே இவ்வளவு காலமும் பொறுத்திருந்தவள்?"

"தெரிஞ்சு இப்ப என்ன செய்யிறது? சொல்லுங்கோ பாப்பம், என்ன செய்யிறது?"

நான் சோதனை முடிவை மடித்து இழுப்பறைக்குள் வைத்தேன், அதை அவர் இணக்கமென்று கொண்டார்.

மகள் ஞாயிற்றுக்கிழமைகளில் வருவாள். வயிறு நன்றாகத் தெரியத் தொடங்கியிருந்தது. தாயின் அருகில் அமர்ந்து தோசை தின்பாள்; அலுவலகக் கதைகள் சொல்வாள்; மாடிப்படியேறி வந்த களைப்பில் காலை நீட்டிக்கொள்வாள். நான் எதிரே இருப்பேன். நான் வாயைத் திறக்கவில்லை. என் கண்கள்தான் எனக்கு அடங்கவில்லை. வழக்கத்துக்கு மாறானது எங்கேயென்று தேடுவதற்கு அவற்றை நானே ஒரு வாழ்நாள் முழுவதும் பழக்கியிருந்தேன். கோப்பையை அவள் எடுக்கும்போது விரல்கள் நேராகச் செல்கின்றனவா, எழும்போது மேசையைப் பற்றுகிறாளா, கதவருகில் ஏன் தோள் உரசிற்று என்று அவை தாமாகவே பார்த்தன. கருவுற்ற பெண் எவளும் பாதங்களைச் சற்று அகற்றித்தான் வைப்பாள். அதை அறிவேன். அறிந்தும் பார்த்தேன்.

"அப்பா, ஏன் என்ட காலையே பாக்கிறீங்கள்?"

"இல்லைப் பிள்ளை, வீங்கியிருக்கோ எண்டு."

"வீங்கேல்லை." தட்டை அவள் மெதுவாகக் கீழே வைத்தாள். "போன கிழமையும் பாத்தனீங்கள். அதுக்கு முதல் கிழமையும். அம்மாவைப் பாக்கிறமாதிரிப் பாக்கிறீங்கள்."

மனைவி ஏதோ சொல்ல வாயெடுத்தார். நா குழறியது. அக்குழறலே போதுமாயிருந்தது.

"அம்மாவுக்குத் திருப்பி ஏதோ டெஸ்ட் செய்தனீங்கள், என்ன?"

சொன்னேன். அனைத்தையும் சொன்னேன். சிவப்பு விழாத இடத்தையும், பாட்டனாரையும், மாமனையும், சமமான வாய்ப்பையும். அவள் இரு கைகளையும் வயிற்றின்மேல் வைத்துக்கொண்டு கேட்டாள். அழவில்லை.

"ரோல்ஸ் வாங்கிக்கொண்டு வந்தனீங்களே அப்பா," என்றாள்.

கடும் சொற்கள் எதுவும் அவள் வாயிலிருந்து வரவில்லை. அந்த ஒரு வாக்கியம்தான். அது போதும்.

"நீ விரும்பினா உனக்கும் பாக்கலாம்," என்றேன். "ஒரு துளி இரத்தம்தான். தெரிஞ்சால்..."

"வேண்டாம். எனக்கும் வேண்டாம், இந்தப் பிள்ளைக்கும் வேண்டாம். எங்களைக் கொண்டுபோய் உங்கட புரோக்ராமுக்குள்ள போடாதேங்கோ." பிறகு குரல் சற்றுத் தணிந்தது. "பாதிக்குப் பாதிதானே? அந்தப் பாதியை எனக்கு விடுங்கோ அப்பா. நான் அதுக்குள்ள இருந்துட்டுப் போறன்."

"விடுங்கோப்பா," என்றார் மனைவியும்.

மகள் எழுந்து தாயை அணைத்துக்கொண்டாள். இருவரில் யார் யாரைத் தாங்கினார்கள் என்று சொல்ல முடியாதவாறு நெடுநேரம் நின்றார்கள். கைப்பையை எடுத்துக்கொண்டு வாசலுக்குப் போனவள் திரும்பினாள்.

"இன்னொண்டு. நான் போகேக்க பல்கனியில நிண்டு பாக்காதேங்கோ."

திருமணமாகி அவள் இந்த வீட்டை விட்டுப் போன நாளிலிருந்து, ஒவ்வொரு முறையும் அவள் ஒழுங்கையின் வளைவில் திரும்பி மறையும்வரை நான் பலகணியில் நின்று பார்ப்பது வழக்கம். வளைவில் நின்று கையசைப்பாள். அதற்காகவே நிற்பேன். இனி அது எனக்கில்லை. அவள் கேட்டது நியாயம். என் பார்வையில் நிற்பவன் தந்தையல்லன், நோய் தேடுபவன் என்பதை அவள் கண்டுகொண்டாள்.

நண்பர் இப்போதும் சனிக்கிழமைகளில் வருகிறார். கணினியைத் திறப்பதில்லை. "வேற ஏதாவது உயிரைப் பாப்பமா மச்சான், வாழைமரம், வௌவால் எண்டு?" என்று ஒருமுறை கேட்டார். வேண்டாமென்றேன். அதன்பின் கேட்கவில்லை. தேநீரை நான்தான் ஊற்றுகிறேன். மூன்று கோப்பையும் அரைக் கோப்பைதான்.

ஞாயிற்றுக்கிழமைகளில் மகள் வருகிறாள். அவள் இருக்கும்போது நான் செய்தித்தாளை விரித்துவைத்துக்கொள்கிறேன். அவள் புறப்பட்டதும், என் மனைவி சுவரைப் பிடித்து, கதவைப் பிடித்து, பலகணிக்குச் சென்று கம்பியைப் பற்றிக்கொண்டு நிற்கிறார். நான் உள்ளே, அணைந்து கிடக்கும் கணினித் திரையின் முன்னால், முதுகைக் காட்டி அமர்ந்திருக்கிறேன். சற்றுப் பொறுத்து அவருடைய கை மெல்ல உயர்ந்து காற்றில் அசைவது, எதிரேயுள்ள கரிய திரையில் மங்கலாகத் தெரியும். மகள் வளைவுக்குப் போய்விட்டாள்.

அவர் திரும்பி வருகிறார். அவள் எப்படி நடந்து போனாள் என்று நான் கேட்பதில்லை. அவரும் சொல்வதில்லை.